மூச்சு விடும் மண்மூட்டை

திருவாலங்காட்டில் இருக்கும் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு அரவைப் பருவத்தில் டிராக்டர் டிராக்டராகக் கரும்பு போகிறது. சர்க்கரை ஆலைகளில் ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ வரை கறுத்த கசடு மிஞ்சும். சாற்றில் சுண்ணாம்பு சேர்த்துச் சூடாக்கும்போது அடியில் படிவது அது. விவசாயிகள் பிரஸ்மட் என்றே சொல்கிறார்கள். கரும்பின் மேல்தோலில் இருந்த மெழுகு, பொடி நார், கால்சியம், பாஸ்பரஸ், கொஞ்சம் புரதம் எல்லாம் அதற்குள் உண்டு. மக்க வைத்து எடுத்தால் தொட்டிச் செடிக்கு அருமையான உரம். பச்சையாகவே தொட்டியில் கொட்டினால், நுண்ணுயிர்கள் அதைத் தின்று சூட்டைக் கிளப்பும், வேர் வெந்துபோகும். பெரிய குவியலாக இருந்தால் உள்ளே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கரையாத மெழுகு மண்துகள்களில் படிந்து தண்ணீரையும் உள்ளே இறங்க விடாது.

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது எந்த உரம், எவ்வளவு என்றுதான். என்னைக் கேட்டால் தொட்டிக் கலவையில் சத்துக்கு இரண்டாம் இடம். முதல் இடம் காற்றுக்கு.

வயலில் பாய்ச்சும் நீர் கீழே இறங்கிக்கொண்டே போகும். அடியில் இருக்கும் மண் மேலே இருக்கும் நீரை இழுத்துக்கொள்ளும். தொட்டியில் ஓர் அடி ஆழத்திலேயே மண் முடிந்துவிடுகிறது. துளைவரை வந்த நீர் சொட்டாக விழ வேண்டுமானால், துகள்கள் பிடித்து வைத்திருக்கும் விசையை மேலே நிற்கும் நீரின் எடை வெல்ல வேண்டும். வெல்லாத உயரம்வரை அடிமண் சொதசொதவென்றே கிடக்கும். துளைகளைக் கூட்டினாலும் இது மாறாது. பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நீரில் முக்கி, படுக்கை வாட்டில் பிடித்துப் பாருங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதையே நெட்டுக்குத்தாக நிமிர்த்தினால் மறுபடியும் சொட்டத் தொடங்கும். ஸ்பாஞ்சும் அதேதான், நீரும் அதேதான், உயரம் மட்டும் கூடிவிட்டது. கீரை விதைக்கும் ஆழமில்லாத தட்டுக்கு உயரமான தொட்டியைவிடப் பொலபொலப்பான கலவை வேண்டும் என்பது இதனால்தான்.

அடியில் ஜல்லி பரப்பினால் நீர் வடிந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண் பிடித்து வைத்த நீர், பெரிய இடைவெளிகள் கொண்ட ஜல்லிக்குள் அவ்வளவு எளிதில் இறங்காது. ஈரம் தேங்கும் அடுக்கு ஜல்லியின் உயரத்துக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளையின் மேல் ஓர் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

ஈரம் தேங்கினால் வேர் ஏன் சாக வேண்டும்? வேரும் சுவாசிக்கிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்ஸிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும்; 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். அதே வெப்பத்தில் வேரின் தேவையோ இரட்டிப்புக்கும் மேலாகிறது. நம் ஊர் வெயிலில் அளவுக்கு மீறி நீர் ஊற்றிய செடி குளிர்நாட்டுச் செடியைவிட வேகமாக அழுகுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

உங்கள் கலவையில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். அடியில் துளை போட்ட 10 லிட்டர் பக்கெட்டில் துளைகளை அடைத்துக் கலவையை நிரப்புங்கள். மேலே பளபளப்பாக நீர் தெரியும்வரை மெதுவாக ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு அடைப்பை எடுத்து, வடியும் நீரை அளந்து பாருங்கள். ஒன்று முதல் இரண்டு லிட்டர்வரை வடிந்தால் கலவை நன்றாக இருக்கிறது. நீர் விட்டுப் போன அந்த இடத்தில்தான் காற்று வந்து உட்காருகிறது. அரை லிட்டர்கூட வடியவில்லையென்றால் அது தொட்டிக்கு ஆகாத மண்.

திருவள்ளூர்ப் பக்கத்துச் செம்மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பினால் பெரும்பாலும் அந்தக் கதைதான். நிலத்தில் மண்புழுவும் வேரும் திரும்பத் திரும்பத் துளைத்துக் கொடுப்பதால் அது பொலபொலவென்றிருக்கும். தொட்டியில் தினமும் விழும் நீர் மண்கட்டிகளை உடைத்து, பொடியை இடுக்குகளில் அடைத்துவிடும். சரிசெய்ய ஒரு கை மணல் போடுவது பயன் தராது. கொஞ்சமாகச் சேர்த்த மணலின் இடைவெளிகளைக் களிமண் முழுக்க அடைத்துக்கொள்ளும், கலவை இன்னும் இறுகும். செங்கல் சூளைக்காரர்களுக்கு அது வேண்டும், நமக்கு வேண்டாம்.

நான் சொல்லும் அளவு இது: சலித்த செம்மண் ஒரு பாண்டு, மக்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பாண்டு, மக்கிய பிரஸ்மட் அல்லது தொழுவுரம் ஒரு பாண்டு, உமிக்கரி அரைப் பாண்டு. கூட்டிப் பார்த்தால் மூன்றரை வர வேண்டும், வராது. பொடிகள் பெரிய துகள்களின் இடுக்கில் புகுந்துகொள்வதால் அளவு குறையும். குறைவு அதிகமாக அதிகமாகக் காற்றுக்கு இடமும் குறைகிறது.

நார்க்கழிவில் ‘மக்கிய’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூறு பங்குக்கு மேல் கார்பன் இருக்கிறது. அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய நைட்ரஜனைத் தமக்கு எடுத்துக்கொள்ளும், இலை வெளிறும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குச் சிப்பிக் காளானைக் கூட்டு சேர்த்தது. மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னினை உடைக்கும் திறமை அந்தப் பூஞ்சைக்கு உண்டு. ஒரு டன் கழிவுக்கு ஐந்து புட்டி காளான் வித்தும் 5 கிலோ யூரியாவும் அடுக்கடுக்காகத் தூவி ஈரமாக வைத்திருந்தால், 60 நாளில் கார்பன் விகிதம் 24-க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. இயற்கை முறையில் நிற்பவர்கள் யூரியாவுக்குப் பதில் கோழி எருவைப் போடலாம். உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த கழிவாக இருந்தால் இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிவிட வேண்டும்.

செம்மண்ணில் நூற்புழுவும் வாடல் நோய்ப் பூஞ்சையும் இருக்கலாம். அதைச் சுத்தப்படுத்த அடுப்பு தேவையில்லை. கோடையில் தமிழகத்தின் அதிக வெப்பப் பதிவுகளில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். அந்தக் கத்திரி வெயிலே வேலையைச் செய்யும். இஸ்ரேலில் ஆய்வாளர் யாக்கோவ் கட்டானும் அவருடைய குழுவினரும் 1976-இல் வெளியிட்ட முறை இது: மண்ணை ஈரமாக்கி, மெல்லிதாகப் பரப்பி, கண்ணாடிபோல் ஒளி புகும் பாலிதீனால் மூடி நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். கறுப்பு பாலிதீன் தானே சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒளி புகும் பாலிதீன்தான் வெயிலை மண்ணுக்குள் விடும். இதை உரம் சேர்ப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஏன் முன்பே என்பதற்கு லண்டனை ஒட்டிய மெர்ட்டனில் நடந்த வேலை விளக்கம் தருகிறது.

1930-களில் அங்கிருந்த ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் நாற்றுகள் அழுகிச் செத்துக்கொண்டிருந்தன. அங்கே வேலை செய்த வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெலும் பல ஆண்டுகள் சோதித்து ஒரு கலவையை நிலைப்படுத்தினார்கள். நீராவியில் வேகவைத்த தோட்டமண் 7 பங்கு, பீட் எனும் சதுப்புநில மட்கு 3 பங்கு, மணல் 2 பங்கு. உரத்தில் குளம்பு, கொம்புத் தூளும் உண்டு. கலந்த உடனே பயன்படுத்தினால் செடி செழித்தது. வாரக்கணக்கில் சேமித்து வைத்தால் அதே கலவை வேரைக் காயப்படுத்தியது.

காரணம் மண்ணுக்குள் நடக்கும் ஒரு தொடர்வேலை. புரதத்தில் இருக்கும் நைட்ரஜனை ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அம்மோனியமாக்கும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். முதல் கூட்டத்தில் பல, வித்துறைக்குள் ஒளிந்து நீராவியையும் தாங்கிவிடும். இரண்டாவது கூட்டம் வெப்பத்தில் செத்துப்போகும். விளைவு, அம்மோனியம் சேர்ந்துகொண்டே போகிறது, எடுத்து மாற்ற ஆளில்லை. கொஞ்சம் அம்மோனியா வாயுவாகவும் மாறுகிறது. உரம் சேர்த்த மண்ணை வெயிலில் மூடி வைத்தாலும் இதே கதிதான். காற்று புகாத மூட்டையிலும் இதேதான் நடக்கும். முதல் கூட்டத்துக்கு ஆக்ஸிஜன் இல்லாமலும் பிழைப்பு ஓடும், இரண்டாவது கூட்டத்துக்கு ஆக்ஸிஜன் கட்டாயம்.

வேப்பம் புண்ணாக்கு சேர்த்த கலவையைப் பாலிதீன் பைக்குள் கட்டி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறுவது அந்த அம்மோனியாதான். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இன்னும் மோசம்: ஆக்ஸிஜன் முழுக்கத் தீர்ந்து, கந்தகத்தை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் வந்துவிட்டன. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. நிழலில் நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, தினமும் கிளறிவிட்டு, முதல் மழை வாசனை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை அது. நீரில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். இவ்வளவு நுட்பமான கருவியை முகத்திலேயே வைத்திருக்கிறோம், மூட்டையைத் திறந்ததும் அதைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

சேமிக்கக் கோணிச்சாக்கு நல்லது. உள்ளுறை இல்லாத உரச்சாக்கும் பரவாயில்லை. செங்கல் மேல் ஏற்றி நிழலில் வைக்க வேண்டும். ஈரத்தைக் கைப்பிடியில் பார்க்கலாம்: பிடித்தால் உருண்டையாக வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், நீர் சொட்டக் கூடாது. ஒரேயடியாகக் காய விட்டாலும் சிக்கல்தான். காய்ந்த மட்கு நீரை ஒட்ட விடாது. ஊற்றிய நீர் தொட்டியின் ஓரமாக வழிந்து துளையில் வந்துவிடும். அப்படிப்பட்ட தொட்டியை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டை மழையில் நனைந்தால் நைட்ரேட்டும் பொட்டாசியமும் கரைந்து ஓடிவிடும். நிறம் மாறாது, சத்து மட்டும் இருக்காது.

புதிதாகக் கலந்ததை நடுவதற்கு முன், காற்று புகும்படி, பத்துப் பதினைந்து நாள் ஆறப்போடுங்கள். ட்ரைக்கோடெர்மா விரிடி பொடியைத் தொழுவுரத்தோடு பிசறிச் சேர்த்திருந்தால், இந்த நாட்களில் அது பெருகி, நாற்றழுகல் பூஞ்சைகளைச் சுற்றி வளைத்துத் தின்னத் தயாராகிவிடும். மேலே படரும் வெள்ளைப் பூஞ்சணத்தைக் கண்டு கலவையை வீச வேண்டாம். புண்ணாக்கு மக்குவதன் அடையாளம் அது. வீசக் கூடாதது அது, விடக் கூடாதது இன்னொன்று: கட்டைவிரல் பருமனில், பழுப்புத் தலையோடு, சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு. எருக்குழியில் காண்டாமிருக வண்டு இட்ட முட்டையிலிருந்து வந்தது. வளர்ந்து வண்டானால் தென்னங்குருத்தைக் குடையும். கலவையைச் சலிக்கும்போதே பொறுக்கிவிட வேண்டும். எருக்குவியலில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்துவிட்டால், புழுக்கள் அந்த நோய் தாக்கிச் சாகும். உடல்மேல் பச்சைப் பொடி பூத்திருக்கும்.

ஒரு பருவம் முடிந்த கலவையைக் கொட்டிவிட வேண்டியதில்லை. வேர்களைச் சலித்தெடுத்து, வெயிலில் மூடிவைத்து, மக்கியதால் குறைந்த அளவுக்குப் புது உரமும் உமிக்கரியும் சேர்த்தால் மறுபடியும் நடலாம். கத்தரி இருந்த மண்ணில் தக்காளியையோ மிளகாயையோ வைக்காமல் கீரையையோ அவரையையோ வையுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், ஒரே வாடல் நோய்க்கு இரையாகும்.