கிறீம் கிறாக்கர்: பெயரும் பொருளும்

நோயாளியைக் காணச் செல்வோர் வெறுங்கையோடு செல்லுதல் நம் நாட்டு வழக்கன்று. முன்னாளில் இளநீரும் கதலிப்பழமும் கொண்டு சென்றனர். இக்காலத்திலோ அவ்விடத்தைக் கிறீம் கிறாக்கர்ப் பொதி பெற்றுவிட்டது. காய்ச்சற்காரருக்கு அது, முதியோருக்கு அது, பரீட்சைக்குக் கண்விழித்துப் படிக்கும் மாணவனுக்கும் தேநீரோடு அதுவே. ‘பாரமில்லாத சாப்பாடு’ என்பது நம்மவர் அதற்குச் சூட்டிய பட்டம். அப்பட்டம் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலிற் பெயரை நோக்குவோம். பெயரிலிருந்து தொடங்காவிடிற் பண்டிதனுக்குக் கை ஓடாது. விசுக்கோத்து என்பது போர்த்துக்கேயர் வாயிலாக நம்மை அடைந்த சொல். கதிரை, அலுமாரி, பாண் என்பவற்றோடு ஒருங்கு வந்து வீட்டுச் சொல்லாயிற்று. அதன் இலத்தீன் மூலத்துக்கு ‘இருமுறை சுட்டது’ என்பது பொருள். கிறாக்கர், முறியும் ஓசையாற் பெற்ற பெயர். கிறீம் என்பதோ பாலாடை. ஆயின், கிறீம் கிறாக்கரிற் பாலாடை இல்லை! அயர்லாந்திலே டப்ளின் நகரத்து ஜேக்கப் என்பாரின் தொழிற்சாலை 1885ஆம் ஆண்டில் இதனைச் செய்து விற்கத் தொடங்கியது. கொழுப்பையும் மாவையும் குழைத்துச் சேர்க்கும் செய்கையையே அச்சொல் குறித்தது என்பர். ‘வற்றல் தின்றான்’ என்புழி வற்றல் தொழிலாகுபெயராதல் போல, இதனையும் அவ்வினத்திற் சேர்க்கலாம் போலும்.

பெயராராய்ச்சி இவ்வளவில் நிற்க. எனக்குச் சலரோகம் உண்டென்று ஈராண்டுகளுக்கு முன் வைத்தியர் கூறினார். அன்று தொட்டு இரவுச் சோற்றை விலக்கினேன். சீனியில்லாத் தேநீரோடு எட்டுக் கிறாக்கர்கள் உண்டு படுத்தேன். ஏதோ தவம் இயற்றுபவன் போன்ற பெருமிதமும் எனக்கிருந்தது. மூன்று திங்கள் கழித்துக் குருதியைச் சோதித்தபோது சீனி குறையவில்லை, சற்றே ஏறியிருந்தது. என்னிடம் தமிழ் கற்று இன்று வைத்தியராக விளங்கும் ஒருவரிடம் முறையிட்டேன். அவர் சிரித்து, “மூலத்தை ஓதாமல் உரை சொல்லக்கூடாது என்று எங்களுக்கு அடித்துச் சொன்னவர் நீங்கள்தானே, ஐயா? பொதியின் பின்பக்கத்தை வாசித்தீர்களா?” என்றார்.

வாசித்ததில்லை. அன்று மாலை மூக்குக்கண்ணாடியோடு உருப்பெருக்கியையும் துணைக்கொண்டு வாசித்தேன்.

சேர்பொருள்கள் நிறையின் இறங்குவரிசையில் எழுதப்படும் என்பது இம்மூலபாடத்தின் முதல் விதி. கோதுமை மா முன்னிற்கும். தாவரக் கொழுப்பு அடுத்து வரும். பின்னர்ச் சீனி, உப்பு, மதுவம், பொங்கச்செய்யும் உப்புக்கள் என்பன. அதன் கீழ் 100 கிராமுக்குரிய அட்டவணை. பொதிக்குப் பொதி சிறிது வேறுபடினும், காபோவைதரேற்று ஏறக்குறைய 70 கிராம், கொழுப்பு 14 கிராம், புரதம் 9 கிராம் என்ற அளவில் அமையும். காபோவைதரேற்றும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரியும், கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரியும் தருவன. பெருக்கிக் கூட்டினால் 442 கிலோகலோரி. நாம் ‘பாரம்’ என்று அஞ்சி விலக்கும் வெண்சோற்றின் 100 கிராமிலோ ஏறக்குறைய 130 தான் உண்டு!

இவ்வேறுபாட்டின் காரணம் நீர். சோற்றிற் பெரும்பங்கு நீரே. கிறாக்கரில் நீர் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவு. அதன் முகத்திலுள்ள துளைகள் அழகுக்காக இட்டவை அல்ல. சூளையிலே நீராவி வெளியேறுதற்கு இட்ட வாயில்கள். நீர் போனமையால் அது கையில் இலேசாக இருக்கிறது. நெடுநாட் கெடாதும் இருக்கிறது. வெள்ளத்திலும் இடப்பெயர்விலும் பாணும் சோறும் கிட்டாத வேளையில் விசுக்கோத்துப் பொதி பசி தீர்த்ததை நம்மிற் பலர் மறவார். அக்குணத்தை யான் குறைத்துக் கூறேன். கையில் இலேசானது உடலிலும் இலேசாகும் என்று கொண்டதே என் பிழை.

அட்டவணையில் ‘சீனி’ என்றொரு வரி உண்டு. அதில் ஓரிரு கிராமே கண்டு முதலில் மகிழ்ந்தேன். ஆனால் அதற்கு மேல்வரியிலுள்ள 70 கிராம் யாது? பெரும்பாலும் மாப்பொருள். ஐயமுற்றோர் ஒரு கிறாக்கர்த் துண்டை வாயிலிட்டு, விழுங்காது, இரண்டொரு நிமிடம் மென்று பார்க்க. மெல்ல மெல்ல இனிப்புத் தோன்றும். உமிழ்நீரிலுள்ள அமிலேசு என்னும் நொதியம் மாப்பொருளை மோற்றோசு என்னும் வெல்லமாக உடைப்பதே அவ்வினிப்பு. குடலில் அது குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கும். தீட்டிய மாவில் நார் குறைவாதலின் அவ்வேலை விரைந்தும் நடக்கும். யான் உண்ட எட்டும் சேர்ந்து ஏறக்குறைய 60 கிராம். அவற்றிற் காபோவைதரேற்று 42 கிராம். ஒரு கோப்பைச் சோற்றிலும் அவ்வளவே உண்டு. சோறாயின் பருப்பும் கீரையும் உடன் வந்திருக்கும். கோதுமைப் புரதத்தில் இலைசீன் என்னும் கூறு குறைவு. அதனைப் பருப்பு நிறைவு செய்யும். தேநீர் செய்யாது.

கொழுப்பைப் பற்றிச் சிறிது. தாவரக் கொழுப்பு எனப்படுவது பெரும்பாலும் பாம் எண்ணெய். இது நம் வடபுலத்துப் பனையின் எண்ணெயன்று. ஆபிரிக்காவிலிருந்து வந்த முள்ளுத்தேங்காயின் எண்ணெய். அதில் ஏறக்குறையப் பாதி நிரம்பிய கொழுப்பு. தேங்காயெண்ணெயில் அது இன்னும் மிகுதியாதலின், நாம் பிறரை இகழ்தல் தகாது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டிற் பானங்களுக்கும், பின்னர்த் திண்பொருள்களுக்கும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்னும் நிறக்குறிகள் விதிக்கப்பட்டன. நல்ல ஏற்பாடே. ஆயினும் அவை சீனி, உப்பு, கொழுப்பு என்னும் மூன்றையே சுட்டுவன, மாப்பொருளுக்கு நிறமில்லை. சீனிக்குரிய பச்சையை மட்டும் கண்ட சலரோகி ‘எனக்காகவே செய்தது’ என்று எண்ணிவிடுவான். எட்டு உண்டவன் சொல்கிறேன்.

இனி உப்பு. சிலவற்றில் அட்டவணை ‘உப்பு’ என்னாது ‘சோடியம்’ என்றே கூறும். சோடியத்தை 2.5 ஆற் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமில் 500 மில்லிகிராம் சோடியம் என்றால், உப்பு 1.25 கிராம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்க என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. இப்பெருக்கலைக் கடைவாயிலில் நின்று எத்தனை பேர் செய்வர்?

பிறிதொரு குறையும் உண்டு. யான் வாங்கிய பொதியிற் பெயரும் சேர்பொருள்களும் மும்மொழியில் இருந்தன. அட்டவணையோ ஆங்கிலத்தில் மட்டும். சேர்பொருட் பட்டியலின் தமிழிலும் ஒற்றுப்பிழைகள் ஐந்து எண்ணினேன். அவற்றைப் பொறுப்பேன். ஆனால் தமிழ் மட்டுமே அறிந்த என் தமக்கையார், குருதியழுத்தத்துக்கு மருந்துண்பவர், நாள்தோறும் காலையில் அதையே உண்கிறார். அவ்வட்டவணையைத் தாளொன்றிற் பெரிய எழுத்தில் தமிழாக்கி, அவர் வீட்டு அலுமாரிக் கதவில் ஒட்டினேன். மேலிருந்து கீழாக வாசித்து வந்தவர் ஒரு வரியில் நின்றார்.

“தம்பி, சோடியமென்றால் என்ன?”

“உப்புத்தான் அக்கா. கொஞ்சம் பெருக்கிப் பார்க்கவேணும்.”

“அப்ப உப்பென்றே எழுதியிருக்கலாமே.”

பேனாவை வாங்கி அவ்வரியை வெட்டி, ‘உப்பு 1.25 கிராம்’ என்று எழுதினேன்.