ஈரலை எட்டும் முன்னே

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் லயத்து மாடுகளுக்கு ஓடைக்கரையிலும் வயலோரத்திலும் புல்லறுப்பார்கள். அந்த ஈரப்புல்லின் அடித்தண்டில் கல்லீரல் தட்டைப்புழுவின் நுண்கூடுகள் ஒட்டியிருக்கக்கூடும். நன்னீர் நத்தைக்குள் வளர்ந்து வெளிவந்த குஞ்சுகள் அவற்றுள் இருக்கும். இலங்கையின் மாடு, எருமைகளில் காணப்படும் இனம் ஃபசியோலா ஜைகாண்டிகா. முதிர்ந்தால் 7 சென்றிமீற்றர் வரை நீளும்.

விழுங்கப்பட்ட குஞ்சுப்புழு குடற்சுவரைத் துளைத்து, வயிற்றறையைக் கடந்து ஈரலுக்குள் புகும். இப்புழு செம்மறியையும் தாக்கும்; அதன் உடலில் இயோசினோபில் எனும் வெள்ளணுக்கள் பெருகி அதைச் சூழ்கின்றன. புழுவோ தன் மேற்பூச்சை உரித்து உரித்துப் புதுப்பிக்கிறது. தன்மீது படியும் பிறபொருளெதிரிகளை நொதியால் வெட்டுகிறது. அதனால் பெரும்பாலான செம்மறிகள் ஒருமுறை நோயுற்ற பின்னும் காப்புப் பெறுவதில்லை.

இந்தோனேசியாவின் மெல்லியவால் செம்மறி வியப்பான விதிவிலக்கு. அதன் வயிற்றறையில் இயோசினோபில்களும் பெருவிழுங்கிகள் எனும் வேறு வெள்ளணுக்களும் பிறபொருளெதிரியின் துணையோடு ஜைகாண்டிகாவின் குஞ்சுப்புழுவைப் பற்றி, வீரியமிக்க ஒட்சிசன் மூலக்கூறுகளைப் பாய்ச்சிக் கொல்கின்றன. அதே செம்மறி, குளிர்நாடுகளின் ஃபசியோலா ஹெப்பாட்டிக்காவிடம் தோற்றுவிடுகிறது! தடுப்பூசி தேடும் ஆய்வாளர்களுக்கு இந்த வேறுபாடு பெரும் துப்பு.

தோட்டத்தில் இன்றே செய்யக்கூடியது: புல்லை நீர்மட்டத்துக்கு மேலே அறுத்து, வெயிலில் நன்கு உலர்த்திக் கொடுங்கள்.