ஒரே செல்லின் வழித்தோன்றல்கள்: எலும்பு மஜ்ஜைச் சில்லு, நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத் தோப்புகளில் ஒரு தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய மாங்கன்றுகள் அனைத்தும் அதே மரத்தின் நீட்சிகளே. இச்சில்லில் பல உருவில் தெரியும் நோயுற்ற அணுக்களும் அவ்வாறே ஒற்றைச் செல்லிலிருந்து பெருகியவை. (ஒட்டு மனிதர் கைவேலை, இது மஜ்ஜை தானே செய்துகொள்ளும் விபரீதம்.) 1967இல் மரபியலாளர் பிலிப் ஃபியால்கோ குழுவினர் இந்த ஒற்றைச் செல் மூலத்துக்குச் சான்று தந்தனர். ஜி6பிடி நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரு எக்ஸ்களில் ஒன்றே இயங்கும்; அச்செல்லின் வழித்தோன்றல்களிலும் அதுவே இயங்கும். இருவகை நொதியும் பெற்ற பெண் நோயாளிகளின் சிவப்பணுக்களிலும் வெள்ளையணுக்களிலும் ஒரு வகையே காணப்பட்டது. அவர்கள் பிறவியிலேயே ஒருவகை மட்டும் உடையவர்களாக இருக்கலாமே எனக் கேட்கலாம். தோல் செல்களில் இரண்டும் இருந்ததால் அந்த ஐயம் நிற்காது. சிவப்பணுக்கள் மிகுந்து ரத்தம் கெட்டிப்படும் பாலிசைத்தீமியா வேராவிலும் 1976இல் இதே முறை ஒற்றைச் செல் மூலத்தையே காட்டியது.