அணிக்கோவையில் சார்ம் குவார்க்

அணுக்கருவுக்குள் இருக்கும் புரோட்டானும் நியூட்ரானும் மேல், கீழ் என்று பெயரிடப்பட்ட இரண்டு இலகுவான குவார்க்குகளால் ஆனவை. இயற்கையில் வேறு நான்கு வகைக் குவார்க்குகளும் உண்டு. அவற்றுள் ஒன்றான சார்ம் குவார்க், முடுக்கிகளிலும் காஸ்மிக் கதிர் மோதல்களிலும் நொடியின் மிகச் சிறு பகுதிக்குத் தோன்றி மறைவது. இப்படியொரு குவார்க் இருந்தாக வேண்டும் என்று 1970இல் கிளாஷோ, இலியோபூலஸ், மையானி ஆகிய மூவரும் கோட்பாட்டு வழியில் வாதிட்டனர். 1974 நவம்பரில் அமெரிக்காவின் இரு வேறு ஆய்வகங்களில் பர்ட்டன் ரிக்டர், சாமுவேல் டிங் ஆகியோரின் குழுக்கள், ஒரு சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் பிணைந்த ஜே/சை என்னும் துகளைத் தனித்தனியே கண்டறிந்தன. துகள் இயற்பியலில் நிறையை ஆற்றல் அலகிலேயே சொல்வது வழக்கம். அந்த அலகில் ஜே/சை துகளின் நிறை 3,097 மெகா எலெக்ட்ரான் வோல்ட், சார்ம் குவார்க்கின் நிறை ஏறத்தாழ 1,270, புரோட்டானின் நிறை 938.

குவார்க்குகளைப் பிணைத்து வைப்பது வலுவிசை. அதை விவரிக்கும் கோட்பாடு குவாண்டம் நிற இயக்கவியல் எனப்படுகிறது. இங்கே நிறம் என்பது கண்ணால் காணும் நிறமன்று, மின்சுமையைப் போன்ற, ஆனால் மூன்று வகைப்பட்ட ஒரு சுமை. இவ்விசையைச் சுமந்து செல்லும் குளுவான்களும் நிறம் உடையவை என்பதால் அவை தமக்குள்ளும் ஈர்த்துக்கொள்கின்றன. குவார்க்குகள் விலக விலக விசை தளராமல் நிற்பதற்கும், தனிக் குவார்க்கை எவராலும் பிரித்தெடுக்க முடியாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே. மேல், கீழ் குவார்க்குகளின் நிறை 2 முதல் 5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் அளவே எனும்போது, புரோட்டானின் நிறையில் பெரும்பகுதி இந்த விசைப்புலத்தின் ஆற்றலிலிருந்து வருகிறது என்பது தெளிவாகிறது. கோட்பாட்டின் சமன்பாட்டை ஒரே வரியில் எழுதிவிடலாம்; அதிலிருந்து ஒரு துகளின் நிறையைத் தாளும் பென்சிலும் கொண்டு வருவிக்க இதுவரை வழி கிடைக்கவில்லை.

கணினி வழியாக அதைச் செய்யும் பாதையைக் கென்னத் வில்சன் திறந்தார். அதுவும் 1974ஆம் ஆண்டே. இடமும் காலமும் இடைவெளியற்றுப் பரந்தவை என்று கொள்வதற்குப் பதிலாக, சம இடைவெளியில் அமைந்த புள்ளிகளின் தொகுதியாக, அதாவது நான்கு பரிமாண அணிக்கோவையாக, அவற்றைக் கருதலாம் என்றார் அவர். இதைப் பாலராமபுரத்துக் கைத்தறியைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம்: பாவும் ஊடையும் குறுக்கிடும் இடங்களில் குவார்க்குகள் அமர்கின்றன, ஒரு குறுக்கீட்டிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் இழைத்துண்டுகளில் குளுவான் புலம் குடியிருக்கிறது, இழைகளுக்கு இடையிலான தூரத்தைவிடச் சிறிய பூவேலை எதையும் அந்தத் துணியில் நெய்ய இயலாது. தறியில் இழைகள் இரு திசைகளில் ஓடுகின்றன. கணக்கில் அவை நான்கு திசைகளில் ஓடுகின்றன என்பதே வேறுபாடு.

பூவேலையின் அளவு பற்றிய இந்தக் கட்டுப்பாடுதான் சார்ம் குவார்க்கை இத்துறையில் கடினமான, அதனாலேயே சுவையான பொருளாக்குகிறது. குவாண்டம் விதிப்படி, நிறை கூடக் கூட ஒரு துகளுக்கு உரிய நீள அளவு குறைகிறது. புரோட்டானின் ஆரம் ஏறத்தாழ 0.84 ஃபெம்டோமீட்டர், சார்ம் குவார்க்குக்கு உரிய நீளமோ 0.16 ஃபெம்டோமீட்டர் அளவே. இடைவெளி 0.12 ஃபெம்டோமீட்டராக உள்ள அணிக்கோவையில் இலகுவான குவார்க்குகள் தொல்லையின்றி அடங்கிவிடும், ஆனால் சார்ம் குவார்க்குக்கு அது முரட்டு நெசவு. இடைவெளியை 0.06, 0.04 என்று குறைத்துக்கொண்டே போனால் பிழை ஏறத்தாழ அதன் வர்க்கத்துக்கு ஏற்பச் சுருங்குகிறது. இவ்வாறு பல இடைவெளிகளில் கிடைத்த விடைகளை வரைபடத்தில் குறித்து, இடைவெளி சுழியாகும் இடத்தில் விடை எங்கே போய் நிற்கும் என்று கணிக்க வேண்டும். இந்த இறுதிக் கட்டத்தைச் செய்யாத எந்தச் சார்ம் கணக்கையும் முடிந்த கணக்காகக் கொள்ளலாகாது.

கணக்கின் பருமனை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். இடத்தின் மூன்று திசைகளிலும் 48 புள்ளிகளும் காலத்திசையில் 144 புள்ளிகளும் கொண்ட ஓர் அணிக்கோவையில் மொத்தம் 1 கோடியே 59 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலும் குவார்க்கைக் குறிக்க நிறத்துக்கு மூன்று, தற்சுழற்சிக்கு நான்கு என 12 கலப்பெண்கள் வேண்டும்; ஆகவே 19 கோடி வரிசைகள் கொண்ட ஓர் அணியின் நேர்மாறைக் காணும் வேலை வந்து சேர்கிறது. குளுவான் புலம் எந்த வடிவில் இருக்கும் என்பது நிகழ்தகவைப் பொறுத்தது என்பதால், வாய்ப்புக்கேற்பத் தேர்ந்தெடுத்த நூற்றுக்கணக்கான புல வடிவங்களுக்கு இதையே மீண்டும் மீண்டும் செய்து சராசரி காண வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு துகளின் நிறை எப்படிக் கிடைக்கிறது? கணக்கு எளிதாகும் பொருட்டு இங்கே காலம் கற்பனைக் காலமாகக் கொள்ளப்படுகிறது. அதில் அலைகள் ஊசலாடுவதில்லை, தேய்கின்றன. அணிக்கோவையின் ஓரிடத்தில் சார்ம் குவார்க்கையும் அதன் எதிர்க்குவார்க்கையும் தோற்றுவித்து, காலத்திசையில் அடியடியாக நகர்ந்து, அந்த இணையின் சுவடு எவ்வளவு எஞ்சுகிறது என்று அளக்கிறார்கள். இடைவெளி 0.058 ஃபெம்டோமீட்டர் எனில், தொடக்கத்தின் கலப்படங்கள் அடங்கிய பிறகு, ஜே/சை துகளின் சுவடு ஒவ்வோர் அடியிலும் முந்தியதில் ஏறத்தாழ 40 விழுக்காடாகக் குறையும். அந்த விகிதத்தின் மடக்கையே நிறையைத் தந்துவிடுகிறது. தேய்வதைக் கொண்டு எடையறியும் இந்த உத்தி, இத்துறையின் மிக அழகிய பகுதி எனலாம்.

இவ்வகைக் கணக்குகளுக்குத் தமிழகத்திலும் ஒரு மரபு உண்டு. சென்னை தரமணியில், 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் நிறுவிய கணித அறிவியல் நிறுவனத்தில், அணிக்கோவைக் கோட்பாட்டு ஆய்வுக்கென ஹரி தாஸ் முன்னின்று 144 கணுக்களைக் கொண்ட கப்ரு என்னும் கணினித் தொகுதியை உருவாக்கினார். 2004இல் அது வினாடிக்கு ஒரு இலட்சம் கோடிக் கணக்குகள் என்னும் வேகத்தைத் தொட்டது. சந்தையில் கிடைக்கும் பாகங்களை இணைத்தே அதைச் சாதித்தார்கள் என்பது நினைவில் வைக்கத்தக்கது. இன்று அதே நிறுவனத்தில் எம். பத்மநாத்தும், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நீல்மணி மாத்தூரும் சார்ம் துகள்களின் கணக்கில் உலகளவில் மேற்கோள் காட்டப்படுபவர்கள்.

2017 மார்ச்சில் ஜெனீவாவின் எல்.எச்.சி.பி. முடுக்கிச் சோதனைக் குழு, ஒரு சார்ம் குவார்க்கும் இரண்டு ஸ்ட்ரேஞ்ச் வகைக் குவார்க்குகளும் கொண்ட ஒமேகா-சி துகளின் ஐந்து கிளர்வுற்ற நிலைகளை ஒரே அறிவிப்பில் வெளியிட்டது. 3,000 முதல் 3,119 வரை அவற்றின் நிறைகள் தெரிந்தன. தற்சுழற்சி எவ்வளவு என்பது தெரியவில்லை. பத்மநாத்தும் மாத்தூரும் தங்கள் அணிக்கோவைக் கணக்கின் நிலைகளோடு அவற்றைப் பொருத்தி, முதலிரண்டும் அரை, அடுத்த இரண்டும் ஒன்றரை, கடைசியானது பெரும்பாலும் இரண்டரை என்று அதே ஆண்டிலேயே வகைப்படுத்தினர்.

இரண்டு சார்ம் குவார்க்குகள் கொண்ட சை-சிசி துகளின் கதை இன்னும் கூர்மையானது. 2002இல் அமெரிக்காவின் செலக்ஸ் சோதனை, இரு சார்மும் ஒரு கீழ்க் குவார்க்கும் கொண்ட துகளை 3,519இல் கண்டதாக அறிவித்தது. அணிக்கோவைக் கணக்குகளோ 3,600ஐ ஒட்டியே நின்றன. கீழ்க் குவார்க்குக்குப் பதில் மேல் குவார்க் இருந்தால் நிறை சுமார் 2 மட்டுமே மாறும் என்று 2015இல் ஐரோப்பியக் குழுவொன்று கணக்கிட்டது. 2017இல் எல்.எச்.சி.பி. அந்த மேல் குவார்க் துகளை 3,621இல் கண்டபோது, 3,519இல் உள்ளது அதன் இணையாக இருக்க இடமில்லாமல் போயிற்று. சோதனையின் முடிவோடு முரண்பட்டபோதும் கணக்கை வளைக்காமல் நின்றவர்களின் நேர்மை இங்கே பாராட்டுக்குரியது.

2021இல் வெளிப்பட்ட டி-சிசி துகள் இப்போதைய பெரிய சவால். இரு சார்ம் குவார்க்குகளும் இரு இலகுவான எதிர்க்குவார்க்குகளும் கொண்ட இது, டி, டி-ஸ்டார் என்னும் இரு மீசான்களின் (குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் பிணைந்த துகள்களின்) கூட்டு நிறையைவிட வெறும் 0.36 மெகா எலெக்ட்ரான் வோல்ட் தாழ்வாக, ஏறத்தாழ 3,875இல் நிற்கிறது. 2022இல் பத்மநாத்தும் ஸ்லொவேனியாவின் சாஷா பிரெலோவ்ஷெக்கும் செய்த கணக்கில் பையான் என்னும் இலகுவான மீசானின் நிறை 280ஆக வைக்கப்பட்டிருந்தது. இயற்கையில் அது சுமார் 140. பையான் நிறை இருமடங்கு என்றால் இலகுவான குவார்க்கின் நிறை நான்கு மடங்கு என்று பொருள். அந்த நிலையில் இரு மீசான்களும் ஒன்றையொன்று ஈர்த்தன, எனினும் பிணைப்பு மயிரிழையில் தவறியது. இயற்கையில் உள்ள நிறைக்கு இறங்கிச் செல்லும்போது டி-ஸ்டார் சிதைந்து பையானை உமிழத் தொடங்கிவிடுவதால், இரண்டு துகள்களின் கணக்காக இருந்தது மூன்று துகள்களின் கணக்காக மாறுகிறது. அதைத் தீர்ப்பதற்கான முறைகளை வகுப்பதில்தான் இத்துறையினர் இப்போது ஈடுபட்டிருக்கிறார்கள்.