பேரை எடுத்துட்டா போதுமா?

ஜனவரி பிறந்துவிட்டால் போதும், கிளாஸ் குரூப்பில் ஆரம்பித்துவிடும். "மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஆப் பண்ணியிருக்கோம். ஏபிகே போட்டிருக்கேன், ரெண்டு வாரம் மட்டும் போன்ல வச்சிருங்க, ப்ளீஸ்." தூக்கத்தை அளக்கிற ஆப், மன அழுத்தத்தைக் கணிக்கிற ஆப், போன் பார்க்கும் நேரத்துக்கும் சிஜிபிஏவுக்கும் தொடர்பு தேடுகிற ஆப் என்று வருஷத்துக்கு நாலைந்தாவது வரும். நண்பன் கேட்கிறானே என்று நாமும் இன்ஸ்டால் செய்து, வருகிற பெட்டிக்கெல்லாம் 'அலவ்' கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம்.

"டேட்டா சேஃப்தானே?" என்று யாராவது கேட்டால் பதில் ரெடியாக இருக்கும்: "பேரு, ரோல் நம்பர் எதுவும் எடுக்கல. எல்லாம் அனானிமஸ்." சொல்பவர் பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார். ஆனால் பேரை எடுப்பது வேறு, ஆளை மறைப்பது வேறு. முதலாவதுக்கு ஒரு காலத்தை டெலிட் செய்தால் போதும். இரண்டாவதற்கு ஆப் எழுதத் தொடங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

இந்த வகை ஆய்வுகளுக்கெல்லாம் அண்ணன் என்று ஒன்றைச் சொல்லலாம். 2013ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நடந்த 'ஸ்டூடன்ட்லைஃப்' ஆய்வு அது. 48 மாணவர்களின் போன்களில் 10 வாரம் ஓர் ஆப் ஓடிக்கொண்டே இருந்தது. எப்போது தூங்கினார்கள், எவ்வளவு நடமாடினார்கள், எங்கே இருந்தார்கள், எவ்வளவு நேரம் பக்கத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது என்றெல்லாம் சேகரித்து, மன அழுத்தம், தனிமை, மதிப்பெண் ஆகியவற்றோடு ஒப்பிட்டார்கள். நம் ஆட்கள் செய்கிற ப்ராஜெக்ட்டுகளில் பாதிக்கு இதுதான் மூலம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அந்தக் கட்டுரையில் மாடலைப் பற்றிய பகுதிகளைப் படிக்கிறவர்கள், தனியுரிமை பற்றிய சின்னப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு ரேண்டம் ஐடி கொடுத்தார்கள். எந்த ஐடி யாருடையது என்ற பட்டியலை மற்ற தரவோடு சேர்க்காமல் தனியாக வைத்தார்கள். கால், எஸ்எம்எஸ் விவரங்களை ஹேஷ் செய்தார்கள். போனிலிருந்து சர்வருக்குப் போகும் வழி முழுக்க என்கிரிப்ஷன். ஆய்விலிருந்து பாதியில் விலகியவர்களின் தரவை நீக்கிவிட்டார்கள். பேச்சைக் கண்டுபிடிக்கும் வேலை போனுக்குள்ளேயே நடந்தது. மைக் கேட்டது, 'இது மனிதப் பேச்சா இல்லையா' என்று முடிவு செய்தது, என்ன பேசினார்கள் என்பதைச் சேமிக்கவில்லை. ஆய்வுக்குத் தேவை பேச்சின் நேரம்தானே, பேச்சே இல்லையே!

இந்தக் கடைசி விஷயத்தில் நம்மூர் ப்ராஜெக்ட்டுகள் தவறிவிடுகின்றன. 'அப்புறம் தேவைப்படலாம்' என்று எல்லாவற்றையும் அள்ளுவது நம் பழக்கம். ஹாஸ்டலில் எத்தனை மணி நேரம் இருந்தார் என்பதுதான் கேள்வி என்றால், நிமிஷத்துக்கு ஒரு ஜிபிஎஸ் புள்ளி எதற்கு? போனிலேயே கணக்குப் போட்டு 'இன்று 11 மணி நேரம்' என்று ஒரே எண்ணை அனுப்பலாம். சர்வருக்கு வராத தரவை எந்த ஹேக்கராலும் திருட முடியாது. பாதுகாப்பில் இதைவிட மலிவான வழி வேறு எதுவும் இல்லை.

அந்தப் பொண்ணு யாருன்னு தெரியாதா?

சரி, பேர் இல்லாத தரவிலிருந்து ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், தன் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பேர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. அப்போது எம்ஐடியில் மாணவியாக இருந்த லதன்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். இரண்டிலும் பொதுவாக இருந்தவை பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு. மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி உள்ளவர்கள் அந்த நகரில் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு கையில் வந்துவிட்டது. அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரை இந்த மூன்று விவரங்களாலேயே தனித்துக் காட்டிவிடலாம் என்று பின்னர் அவர் கணக்கிட்டுச் சொன்னார்.

அது ஒரு நகரம். நம் கல்லூரியை யோசித்துப் பாருங்கள். ஒரு உதாரணத்துக்கு, ஒரு மன அழுத்த சர்வேயின் ஷீட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: பெண், மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு, ஹாஸ்டல், சொந்த மாவட்டம் ராமநாதபுரம். பக்கத்துக் காலத்தில் அவருடைய மன அழுத்த ஸ்கோர். அதற்கும் பக்கத்தில் 'தூக்க மாத்திரை எடுத்ததுண்டா?' என்ற கேள்விக்குப் பதில். மெக்கில் படிக்கிற பெண்களை எண்ண ரெண்டு கை விரல்கூட வேண்டாம். இதில் வாக்காளர் பட்டியல் எதற்கு? கேன்டீனில் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கு ஸ்வீனி முன்வைத்த அளவுகோல்தான் கே-அனானிமிட்டி. ஒரே மாதிரி அடையாள விவரங்கள் கொண்ட வரிகள் குறைந்தது 'கே' எண்ணிக்கையாவது இருக்க வேண்டும். கே என்பது 5 என்று வைத்தால், மேலே சொன்ன பெண்ணைப் போல விவரம் உள்ளவர்கள் ஷீட்டில் 5 பேர் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மாவட்டத்தை 'தென் தமிழ்நாடு' என்று விரிக்கலாம், துறையை 'கோர்', 'சர்க்கியூட்' என்று சேர்க்கலாம், அந்தக் காலத்தையே தூக்கலாம். பாண்டாஸில் ஒரு குரூப்பை போட்டால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அந்த 5 பேரும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தால், யார் எந்த வரி என்று தெரியாமலேயே ஐந்து பேரின் ரகசியமும் வெளியே வந்துவிடும். அதையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இடத் தரவு இன்னும் மோசம். 2013ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் தரவை எடுத்துப் பார்த்தார்கள். எந்த டவர், எந்த மணி நேரம் என்ற அளவுக்கு மட்டுமே துல்லியம் உள்ள தரவு. அதிலேயே ஒருவரைப் பற்றிய நாலு புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிட முடிந்தது. நம்முடைய நாலு புள்ளிகள் ரூம்மேட்டுக்குத் தெரியாதா என்ன? அதனால் ஜிபிஎஸ் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு 'அனானிமஸ்' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஹேஷ் பண்ணிட்டோம்ல!

சிஎஸ், ஐடிக்காரர்களின் விருப்பமான பதில் இது. "போன் நம்பரை ஷா-256 போட்டுத்தான் சேவ் பண்றோம், திருப்பி எடுக்க முடியாது." ஹேஷைத் திருப்ப முடியாதுதான். ஆனால் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை.

கணக்குப் பார்ப்போம். இந்திய மொபைல் எண்ணில் 10 இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. ஆக மொத்தமே 400 கோடி எண்கள்தான் சாத்தியம். ஒரு சாதாரண பைத்தான் ஸ்கிரிப்ட் நொடிக்குப் பத்து லட்சம் ஹேஷ் போடுகிறது என்று வைத்துக்கொண்டால் 4,000 நொடி, அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். எல்லா எண்ணையும் ஹேஷ் செய்து உங்கள் ஷீட்டோடு ஒப்பிட்டால் போன் நம்பர்கள் வரிசையாக வந்து நிற்கும். கேமிங் லேப்டாப்பின் ஜிபியூ இருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ரோல் நம்பரைக் கேட்கவே வேண்டாம், ஒரு கல்லூரியில் சில ஆயிரம்தான்.

இது வெறும் தியரி இல்லை. 2014ல் நியூயார்க் நகர டாக்ஸிகளின் 17 கோடிக்கும் மேற்பட்ட பயண விவரங்கள் தகவல் உரிமைக் கோரிக்கை மூலம் வெளியே வந்தன. டாக்ஸி எண்ணும் ஓட்டுநர் உரிம எண்ணும் எம்டி5 ஹேஷ் செய்யப்பட்டிருந்தன. விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் பொறியாளர், அந்த எண்களுக்குச் சாத்தியமான வடிவங்கள் சுமார் இரண்டு கோடிதான் என்று கவனித்து, இரண்டு மணி நேரத்துக்குள் மொத்தத்தையும் உடைத்துக் காட்டினார்.

என்ன செய்யலாம்? நம்பரையே வாங்காமல், ஆப் முதல்முறை திறக்கும்போது ஒரு ரேண்டம் ஐடியை உருவாக்குவது நல்லது. 'எத்தனை வெவ்வேறு ஆட்களோடு பேசினார்' என்பதுதான் தேவை என்றால் அதைப் போனிலேயே எண்ணி அனுப்பலாம். நம்பர்களை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், ரகசியச் சாவி சேர்த்துப் போடுகிற எச்மேக் முறையைப் பயன்படுத்தி, அந்தச் சாவியைத் தரவோடு ஒரே இடத்தில் வைக்காமல் இருக்க வேண்டும். சாவி கிட்ஹப்பில் போய்விட்டால் கதை முடிந்தது. அடுத்த கமிட்டில் டெலிட் செய்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும்.

கிட்ஹப் என்றதும் ஃபயர்பேஸ் நினைவுக்கு வருகிறது. டேட்டாபேஸை 'டெஸ்ட் மோட்'டில் தொடங்கினால் முதல் 30 நாள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம். 31ஆம் நாள் ஆப் வேலை செய்யாது. உடனே யூடியூப் பார்த்து ரூலை 'இஃப் ட்ரூ' என்று மாற்றிவிடுவோம். அதாவது, கதவைப் பூட்ட வேண்டிய நாளில் கதவையே கழற்றிவிடுவது! ஏபிகேயைப் பிரித்துப் பார்த்தால் ப்ராஜெக்ட் முகவரி உள்ளேயே இருக்கும். ஆப்பிலிருந்து எழுத மட்டும் அனுமதி, படிக்க அனுமதி இல்லை என்று ரூல் எழுதப் பத்து நிமிஷம்கூட ஆகாது.

'அலவ்' என்பது சம்மதமா?

ஆண்ட்ராய்டு காட்டுகிற பெர்மிஷன் பெட்டி, ஆப்புக்கும் போனுக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு. எதற்காக எடுக்கிறார்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று அது சொல்லாது. 2015ல் ஐபோனில் வெளிவந்த 'எம்பவர்' என்ற பார்கின்சன் நோய் ஆய்வு இதை அழகாகச் செய்தது. தனித்தனித் திரைகளில் படத்தோடு விளக்கிவிட்டு, புரிந்ததா என்று ஒரு குட்டி க்விஸ் வைத்தது. பிறகு, 'உங்கள் தரவை இந்தக் குழு மட்டும் பார்க்கலாமா, உலகெங்கும் உள்ள தகுதியான ஆய்வாளர்களும் பார்க்கலாமா?' என்று கேட்டது. எந்தப் பதிலையும் முன்கூட்டியே டிக் செய்து வைக்கவில்லை.

சம்மதத்தில் இன்னொரு ஓட்டை உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் 2013ல் ஃபேஸ்புக்கில் ஆய்வுக்கானது என்று சொல்லி ஓர் ஆளுமை க்விஸ் ஆப் விட்டார். நிறுவியவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர். அவர்களின் நண்பர்கள் வழியாக 8.7 கோடி பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018ல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அந்த ஆப்பை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5 லட்சத்து 62 ஆயிரத்துக்கும் மேல். அந்தத் தரவுதான் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவுக்குப் போனது. கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ் பெர்மிஷன் கேட்கிற எந்த ஆப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. நான் சம்மதிக்கலாம், என் போனில் நம்பர் இருக்கிற பெரியம்மா எப்போது சம்மதித்தார்? 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' என்ற கேள்விக்கு ரூம்மேட் பேரைப் போட்டுப் புலம்பி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துச் சுத்தம் செய்யாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். இன்டர்னல் மார்க் போடுகிற சார் தன் வகுப்பிலேயே "விருப்பம் இருந்தா ஃபில் பண்ணுங்க" என்றால் யார் மறுப்பார்கள்? ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள், மறுத்தால் பாதிப்பு வருமோ என்று அஞ்சக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்கின்றன. யார் சேர்ந்தார், யார் சேரவில்லை என்பது சாருக்குத் தெரியாதபடி வேறு ஒருவர் சேகரிப்பதுதான் முறை. உடல்நலம், மனநலம் பற்றிய ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. ஆய்வுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, வகுத்த தரநிலைகளின்படி கையாள வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான். இந்தச் சட்டத்தின் கண்ணில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை, பெற்றோர் சம்மதம் வேண்டும். நம் ஃபர்ஸ்ட் இயரில் 17 வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்!

கடைசியாக, வைவா முடிந்த பிறகு. அந்த ஷீட் எங்கே போகிறது? பெரும்பாலும் யாரோ ஒருவரின் டிரைவில் கிடக்கும். அடுத்த வருஷம் ஜூனியர் வந்து "அண்ணா, டேட்டாசெட் இருக்கா?" என்று கேட்பான், லிங்க் போய்விடும். பங்கேற்றவர்கள் சம்மதித்தது உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு, அவனுடையதற்கு அல்ல. எனவே அழிக்கும் தேதியைச் சம்மதத் திரையிலேயே போடுங்கள். அந்தத் தேதியில் சர்வர், டிரைவ், டீம் ஆட்களின் லேப்டாப், வாட்ஸ்அப்பில் அனுப்பிய சிஎஸ்வி எல்லாவற்றிலும் அழியுங்கள். அதற்கு முன்பே யாராவது விலக நினைத்தால், அவருடைய ரேண்டம் ஐடியை ஆப்பின் செட்டிங்ஸில் காட்டுங்கள். அவர் அதை அனுப்பினால் அந்த ஐடியின் வரிகளை நீக்கிவிடலாம், அவர் பேரை நீங்கள் எங்கேயும் எழுதி வைக்க வேண்டியதில்லை.