நைந்த பழைய நோட்டைத் தரம் பார்க்க அனுப்பலாமா?

மலேசியாவில் பொந்தியான் பக்கம் தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தால் சில வீடுகளில் பழைய காசுக் கட்டு ஒன்று இருக்கும். வாழைமரம் போட்ட ஜப்பான்காரன் காசு, 1953-ஆம் ஆண்டின் ராணி படம் போட்ட நோட்டு, 1959-இல் வந்த பாய்மரப் படகு ஒரு வெள்ளி என்று கலந்து கிடக்கும். பல நோட்டுகளில் மடிப்பு விழுந்த இடம் இற்றுப்போய், ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்திருக்கும். "அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் பண்ணினால் விலை ஏறும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அனுப்பலாமா? பெரும்பாலான நைந்த நோட்டுகளுக்கு வேண்டாம். ஒருசில நோட்டுகளுக்குக் கட்டாயம் வேண்டும்.

கிரேடிங் (நோட்டு அசலா, எவ்வளவு கெடாமல் இருக்கிறது என்று ஆராய்ந்து எண் கொடுப்பது) எப்படி நடக்கிறது? 2005-இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.எம்.ஜி. நிறுவனம் இந்த வேலையில் பெயர் பெற்றது. உங்கள் நோட்டைப் பார்த்து 1 முதல் 70 வரை ஓர் எண் கொடுத்து, அந்த எண் எழுதிய சீட்டோடு பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடித் திருப்பி அனுப்புவார்கள். கடைத்தெருவில் புழங்காத நோட்டுக்கு 60-க்கு மேல் கிடைக்கும். தாத்தா செலவழித்து மிஞ்சிய நோட்டுக்கு 8, 12, 20 என்ற அளவில்தான் வரும்.

உறைக்குள் போனால் குறை மறையுமா? மறையாது. வெளியே தெரியாத ஒட்டுவேலை, அழித்த பேனா எழுத்து, கழுவிய தடயம் எல்லாம் அங்கே பிடிபடும், சீட்டிலும் ஏறிவிடும். அதைப் படித்துப் பார்த்துத்தான் வாங்குபவர் விலை பேசுவார்.

பழசு என்றாலே விலை உண்டுதானே? இல்லை. வாழைமரக் காசையே பாருங்கள். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை அதை அள்ளி அள்ளி அச்சடித்தார்கள். பெரும்பாலானவற்றில் வரிசை எண்கூடக் கிடையாது. எம் என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடு மட்டும் இருக்கும். போர் முடிந்ததும் அந்தக் காசு செல்லாமல் போனது. செலவழிக்க வழியில்லாத காசு கட்டுக் கட்டாக வீடுகளில் தங்கிவிட்டது. அதனால் மடிப்பில்லாத வாழைமர நோட்டே இன்று மலிவாகக் கிடைக்கிறது. நைந்ததற்கு யார் பெரிய விலை கொடுப்பார்கள்? முதலில் வந்த, வரிசை எண் போட்ட நோட்டு வேறு கதை. அது உங்களிடம் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

செலவுக் கணக்கை எப்படிப் போடுவது? கட்டணம், போகவர அஞ்சல் செலவு, காப்புறுதி, இடையில் இருக்கும் வியாபாரியின் கூலி எல்லாவற்றையும் சேருங்கள். உதாரணத்துக்கு, மொத்தம் 120 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சும்மா விற்றால் 20 வெள்ளிக்குப் போகும் நோட்டு, உறைக்குள் 60 வெள்ளிக்குப் போகிறது. விலை மூன்று மடங்கு ஏறியும் உங்களுக்கு 80 வெள்ளி நட்டம். உங்கள் நோட்டுக்கான உண்மையான எண்களை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். இணையத்தில் கேட்கும் விலையை நம்ப வேண்டாம். விற்று முடிந்த விலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எப்போது அனுப்பலாம்? நைந்த நிலையிலும் ஆள் தேடி வாங்கும் அளவுக்கு நோட்டு அரிதாக இருந்தால் அனுப்பலாம். போருக்கு முந்திய நீரிணைக் குடியேற்ற அரசின் பெரிய மதிப்பு நோட்டுகள், 1953 தொடரின் 1000, 10,000 வெள்ளி நோட்டுகள் போன்றவை அந்த வகை. அவ்வளவு பெரிய தொகையைத் தோட்டத்துக் கூலியில் யாரும் பெட்டியில் போட்டு வைத்திருக்க முடியாது. அதனால் மிஞ்சியவை கொஞ்சம். இப்படிப்பட்ட நோட்டுக்குப் போலியும் வரும். வாங்குபவரின் முதல் கேள்வியே "அசலா?" என்பதுதான். எண் 8 ஆனாலும், அசல் என்ற சான்றுக்கே அங்கே காசு.

நோட்டுக்கு மட்டுமல்ல, சேகரிக்கும் மற்றப் பொருள்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னர் படம் போட்ட, சுமார் 1909-இல் சிகரெட் பெட்டியோடு வந்த அட்டை ஒன்று, பத்துக்கு இரண்டே மதிப்பெண் வாங்கியும் 2022-இல் 72.5 லட்சம் டாலருக்கு விலை போனது. மிஞ்சிய அட்டைகள் மிகச் சில என்பதுதான் காரணம். அதே வயதுள்ள சாதாரண அட்டைக்கு அந்த இரண்டு மதிப்பெண் ஒரு பயனும் தராது.

அனுப்பும் முன் என்ன செய்ய வேண்டும்? முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து, இரண்டு வியாபாரிகளிடமாவது காட்டுங்கள். "கிரேடிங்குக்கு அனுப்பித் தருகிறேன்" என்பவரிடம், வழியில் தொலைந்தால் பொறுப்பு யாருக்கு, எவ்வளவு தொகைக்குக் காப்புறுதி என்பதை எழுத்தில் வாங்குங்கள். வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் நோட்டைக் கையிலிருந்து விடாதீர்கள்.

அழுக்கைத் துடைத்து, இஸ்திரி போட்டு அனுப்பலாமா? கூடவே கூடாது. தண்ணீர், சோப்பு, இஸ்திரிப்பெட்டி, செலோடேப், லேமினேஷன் ஐந்தும் நோட்டின் விலையைக் கெடுப்பவை. கிழிசலை அப்படியே விடுங்கள். ஒட்டிய கிழிசலைவிட ஒட்டாத கிழிசலே மேல்.

அனுப்பாவிட்டால் எப்படிக் காப்பாற்றுவது? பொந்தியானில் கடற்காற்றின் ஈரம் காகிதத்தைச் சும்மா விடாது. பி.வி.சி. கலக்காத தெளிவான உறையில் நோட்டை விரித்து வையுங்கள். மூடி இறுகிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.

விற்கவே போவதில்லை, தாத்தா நினைவுக்கு வைத்திருக்கிறேன் என்கிறீர்களா? அப்படியென்றால் கிரேடிங் தேவையே இல்லை. யாருடைய காசு, எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்பதைத் தனித் தாளில் எழுதி உறையோடு வையுங்கள். நோட்டின்மேல் மட்டும் எழுதிவிடாதீர்கள்.