சிறுகோளை இடித்துத் திருப்ப முடியுமா?

2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் காலை. ரஷ்யாவில் உள்ள செல்யாபின்ஸ்க் நகரின் வானத்தில் கதிரவனையும் மிஞ்சிய ஓர் ஒளிப்பிழம்பு குறுக்கே பாய்ந்து சென்றது. வீடுகளிலும் பள்ளிகளிலும் இருந்தவர்கள் என்னவென்று பார்க்கச் சன்னலருகே ஓடினார்கள். ஒளியைவிட ஒலி மிக மெதுவாகச் செல்லும் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒளி மறைந்து ஓரிரு நிமிடங்கள் கழித்தே அதிர்ச்சி அலை நகரை வந்தடைந்தது. வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தவர்களின் முகத்துக்கு நேராகக் கண்ணாடிகள் நொறுங்கின. ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். (வானில் இத்தகைய ஒளியை என்றேனும் காண நேர்ந்தால், சன்னலை விட்டு விலகி நில்லுங்கள்!)

இத்தனைக்கும் வந்த கல் பெரியதன்று. அதன் குறுக்களவு சுமார் 20 மீட்டர். தரையிலிருந்து 30 கிலோமீட்டர் உயரத்திலேயே அது வெடித்துச் சிதறிவிட்டது. இதைப் போல ஏழெட்டு மடங்கு குறுக்களவுள்ள ஒரு சிறுகோள் பூமியின்மீது விழுமானால் ஒரு பெருநகரமே அழிந்து போகும். அத்தகைய கல் ஒன்று நம்மை நோக்கி வருவது தெரிந்தால் என்ன செய்வது?

குண்டு வைத்துத் தகர்த்துவிடலாம் என்று திரைப்படங்கள் சொல்கின்றன. அது எளிய வழி போலத் தோன்றினாலும், ஒரு கல் பல கற்களாகி அவையனைத்தும் நம்மீதே விழக்கூடும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பூமி ஒரே இடத்தில் நிற்கவில்லை. வினாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் அது கதிரவனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் விட்டம் சுமார் 12,740 கிலோமீட்டர். தன் விட்டத்தின் அளவுள்ள தூரத்தைக் கடக்கப் பூமிக்கு ஏழு நிமிடங்களே போதும் என்பதை நீங்களே வகுத்துப் பார்த்துக் கொள்ளலாம். ஆகவே, மோத வரும் கல்லை நாம் அழிக்க வேண்டியதில்லை. அது சில நிமிடங்கள் முந்தியோ பிந்தியோ வந்தால் போதும். பூமியின் ஈர்ப்பு அருகில் வரும் கல்லைச் சற்றே தன்பக்கம் வளைக்குமாதலால், இந்தக் கணக்கோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

காகிதத்தில் போட்ட இந்தக் கணக்கை வானத்தில் சோதித்துப் பார்க்க, அமெரிக்காவின் 'நாசா' நிறுவனம் 2021 நவம்பர் 24-ஆம் நாள் 'டார்ட்' என்னும் விண்கலத்தை ஏவியது. மோதி அழிவதற்கென்றே செய்யப்பட்ட கலம் அது.

எதன்மீது மோதுவது? இதைத் தேர்ந்தெடுத்ததில்தான் விஞ்ஞானிகளின் சாமர்த்தியம் இருக்கிறது. கதிரவனைத் தனியே சுற்றிவரும் ஒரு சிறுகோளை இடித்தால், அதன் வேகத்தில் வினாடிக்கு ஒரு சில மில்லிமீட்டரே மாற்றம் ஏற்படும். சிறுகோளோ வினாடிக்குப் பல கிலோமீட்டர் ஓடுவது. அந்த மாற்றத்தை இங்கிருந்து கண்டறியப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எனவே, இரட்டைச் சிறுகோள் ஒன்றை அவர்கள் தேடினார்கள். டிடிமோஸ் என்பது ஏறத்தாழ 760 மீட்டர் குறுக்களவுள்ள கல். அதை 1.2 கிலோமீட்டர் தொலைவில் இன்னொரு சிறு கல் சுற்றி வருகிறது. டைமார்ஃபோஸ் என்று பெயர் பெற்ற இதன் குறுக்களவு சுமார் 150 மீட்டர். பெயர்கள் குழப்புகின்றன அல்லவா? தாய்க்கல், சேய்க்கல் என்றே நாம் வைத்துக் கொள்வோம். சேய்க்கல் தாய்க்கல்லைச் சுற்றும் வேகம் வினாடிக்கு 17 சென்டிமீட்டர் அளவுதான். தவழும் குழந்தையின் வேகம் என்று சொல்லலாம். இவ்வளவு மெதுவாகச் செல்வதில் சில மில்லிமீட்டர் மாறினாலும் அது பெரிய மாற்றமே.

ஆனால், எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் இவ்விரண்டும் சேர்ந்து ஒரே ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். அப்படியிருக்க, சுற்றும் நேரத்தை எப்படி அளந்தார்கள்? சேய்க்கல் தாய்க்கல்லின் முன்னே வரும்போதும் பின்னே மறையும்போதும் அந்தப் புள்ளியின் ஒளி இம்மியளவு மங்கும். ஒரு மங்கலுக்கும் அதே வகையான அடுத்த மங்கலுக்கும் இடைப்பட்ட நேரமே ஒரு சுற்றுக்கான நேரம். மோதலுக்கு முன் அது 11 மணி 55 நிமிடமாக இருந்தது.

2022 செப்டம்பர் 26-ஆம் நாள் டார்ட் தன் இலக்கை நெருங்கியது. அப்போது பூமிக்கும் அதற்கும் இடையே 1 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர் தூரம். இங்கிருந்து அனுப்பும் கட்டளை அங்கே போய்ச் சேர 38 வினாடி ஆகும். அவ்வளவு தூரத்திலிருந்து கடிவாளம் பிடிக்க முடியாது. கலமே தன் ஒளிப்படக் கருவியால் பார்த்துத் தன் வழியைத் திருத்திக்கொண்டது. ஏறத்தாழக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் சேய்க்கல் தனியாக அதன் கண்ணில் பட்டது. வினாடிக்கு 6 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில், 580 கிலோகிராம் எடையுள்ள அக்கலம் சேய்க்கல்லின்மீது மோதியது. அது அனுப்பிய கடைசிப் படங்களில் பெரியதும் சிறியதுமான கற்கள் கொட்டிக் கிடப்பதைக் காண முடிந்தது.

சுற்றும் நேரம் 73 வினாடி மாறினாலே வெற்றி என்று முன்கூட்டியே வரையறுத்திருந்தார்கள். இரண்டு வாரம் தொலைநோக்கிகளில் மங்கல்களை எண்ணிய பின் வந்த விடை 32 நிமிடம்! பிறகு நுணுகிக் கணக்கிட்டபோது அது 33 நிமிடம் ஆயிற்று.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். சேய்க்கல்லின் போக்குக்கு எதிராகத்தானே கலம் மோதியது? வேகம் குறைந்தால் சுற்றுவதற்கு அதிக நேரமல்லவா ஆக வேண்டும்? அப்படியன்று. வேகம் குறைந்த கல் தாய்க்கல்லை நோக்கிச் சற்றுக் கீழிறங்கும். அதன் பாதை சிறுத்துவிடும். சிறிய பாதையை அது விரைவிலேயே சுற்றி முடிக்கும்.

எதிர்பார்த்ததற்கு மேல் ஏன் இவ்வளவு மாற்றம்? ஊஞ்சல் பலகை ஒன்றின்மீது களிமண் உருண்டையை வீசுங்கள். அது ஒட்டிக்கொள்ளும், பலகை சிறிது அசையும். அதே எடையுள்ள ரப்பர்ப் பந்தை அதே வேகத்தில் வீசுங்கள். பந்து திரும்பிப் பாயும்போது பலகையைக் கூடுதலாகத் தள்ளிவிட்டுப் போகும். டார்ட் களிமண்ணைப் போல ஒட்டிக்கொண்டிருந்தால் சுமார் 7 நிமிட மாற்றமே கிடைத்திருக்கும். ஆனால், மோதிய வேகத்தில் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட தூசியும் கல்லும் எதிர்த்திசையில் பீறிட்டுக் கிளம்பின. அந்தப் பொருளெல்லாம் கிளம்பும்போது சேய்க்கல்லை எதிர்ப்புறம் உந்தித் தள்ளின. கலம் தனியே தந்திருக்கக்கூடிய உந்தத்தைப் போல ஏறத்தாழ 3.6 மடங்கு உந்தம் கிடைத்தது என்று மதிப்பிட்டுள்ளனர். சேய்க்கல்லின் வேகம் வினாடிக்கு சுமார் 2.7 மில்லிமீட்டர் மாறியது. தூசி, வால்வெள்ளிக்கு இருப்பது போல 10,000 கிலோமீட்டருக்கும் நீண்ட வாலாக நீண்டது. 7 மீட்டர் வரை குறுக்களவுள்ள 37 கற்கள் மெல்ல விலகிச் செல்வதையும் ஹபிள் தொலைநோக்கி பின்னர்ப் படம் பிடித்தது. உண்மையான ஆபத்தின்போது இத்தகைய உதிரிக் கற்களையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

3.6 என்ற எண்ணை முற்றிலும் நம்பிவிட முடியாது. சேய்க்கல்லின் எடை நேரடியாக அளக்கப்படாமல், இவ்வளவு இருக்கலாம் என்று கொண்டு போட்ட கணக்கு அது. மேலும், கெட்டியான ஒரே பாறையை இடித்தால் இத்தனை தூசி கிளம்பாமலும் போகலாம். எடையை அளக்கவும், மோதிய இடத்தை அருகிலிருந்து பார்க்கவும் ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 'ஹீரா' என்ற கலத்தை 2024 அக்டோபர் 7-ஆம் நாள் ஏவியது. 2026-ஆம் ஆண்டின் இறுதியில் டிடிமோசை அடையுமாறு அதன் பயணம் வகுக்கப்பட்டது.

இனி நமக்கு மிக வேண்டியது காலம். ஒரு சிறுகோளின் வேகத்தை வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் மாற்றிவிட்டோம் என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாளில் அது 864 மீட்டர் விலகும். ஓராண்டில் 315 கிலோமீட்டர். பத்தாண்டில் 3,150 கிலோமீட்டர். (சுற்றும் நேரமும் மாறுவதால் உண்மையில் இது இன்னும் மிகும்.) மோதலுக்கு ஒரு மாதம் முன்பு இடித்தால் 26 கிலோமீட்டர்தான் கிடைக்கும். அதனால் பயனில்லை.

ஆகவே கல்லை முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். பூமியை நெருங்கி வரும் சிறுகோள்களில் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்டவை பெரும்பாலும் கண்டறியப்பட்டுவிட்டன. 140 மீட்டருக்கு மேற்பட்டவை ஏறத்தாழ 25,000 இருக்கலாம் என்பது மதிப்பீடு; 2025 வரை அவற்றில் பாதிகூட அகப்படவில்லை. செல்யாபின்ஸ்க் கல்லோ கதிரவன் இருந்த திசையிலிருந்து வந்தது. தரையிலுள்ள தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்ப முடியாது. எனவேதான், கல்லின் வெப்பத்தைக் கொண்டே அதைக் காணும் அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்றை விண்ணில் நிறுத்த நாசா முனைந்துள்ளது. தரையிலும் தேடல் விரைவு பெற்றிருக்கிறது. சிலி நாட்டு மலைமேல் அமைந்த வேரா ரூபின் வானாய்வகம் தன் முதற் படங்களை 2025 ஜூன் 23-ஆம் நாள் வெளியிட்டது. சுமார் பத்து மணி நேரம் எடுத்த படங்களிலேயே 2,104 புதிய சிறுகோள்கள் சிக்கின. அவற்றுள் ஏழு, பூமியின் அருகே வருபவை. அந்த ஏழில் எதனாலும் நமக்கு ஆபத்தில்லை.